உப்புக் காற்றில் ஒரு வீட்டு ஆபீஸ்

கடலூரில் ஸ்டேப்ளர் பின் துருப்பிடிக்க ஒரு மழைக்காலம் போதும். ஐப்பசியில் பளபளவென்று குத்திய பின், தை பிறப்பதற்குள் தாளில் இரண்டு பழுப்புப் புள்ளி வைத்துவிடும். அப்படியே இன்னும் சில வருஷம் விட்டால் அந்தப் புள்ளியைச் சுற்றியிருக்கும் தாள் அப்பளம் போல நொறுங்கும். பின்னை எடுக்கப் போனால் தாளின் மூலையும் கூடவே வந்துவிடும். அந்த மூலையில்தான் பெரும்பாலும் பில் நம்பரோ தேதியோ இருந்து தொலைக்கும்.

வீட்டு ஆபீஸை ஒழுங்காக வைத்துக்கொள்வது எப்படி என்று இணையத்தில் தேடினால் வரும் படங்களைப் பார்த்திருப்பீர்கள். வெள்ளைச் சுவர், வெள்ளை மேசை, ஒரு லேப்டாப், குட்டித் தொட்டியில் ஒரு செடி. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த அறைகளில் தாள் என்று ஒன்று கிடையாது. சுவரில் ஓதமும் கிடையாது.

நான் மஞ்சக்குப்பத்தில் வீட்டின் முன்னறையில் உட்கார்ந்து வரிக் கணக்கு பார்க்கிறேன். முன்பு ஓர் ஆடிட்டர் ஆபீசில் வேலை. 2020 ஊரடங்கில் வீட்டுக்கு வந்த வேலை, அப்புறம் வீட்டிலேயே தங்கிவிட்டது. முதுநகரில் ஹார்டுவேர் கடை, திருப்பாப்புலியூரில் அரிசிக் கடை, பண்ருட்டிப் பக்கம் முந்திரி வியாபாரம், வீடு வாடகைக்கு விட்டிருக்கும் சில ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் என்று எல்லோருடைய தாளும் இந்த ஒரு அறைக்குத்தான் வருகிறது. எல்லாம் ஆன்லைன் ஆகிவிட்டதே, இன்னும் என்ன தாள் என்று கேட்பவர்கள், ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடுகிற யாருடைய வீட்டுக்காவது ஒருமுறை போய்ப் பார்க்கலாம். ரிட்டர்ன் ஆன்லைன்தான். அதற்கு ஆதாரம் காட்டுகிற பில் அட்டைப்பெட்டியில்தான் இருக்கிறது.

இந்த அறையைக் கட்டிக் காப்பதில் எனக்குப் பிடிபட்டதைச் சொல்கிறேன். உள்ளே வருகிற ஒவ்வொரு தாளுக்கும் அது வெளியே போகும் தேதி தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதி, அந்தத் தேதி வரும்வரை அதைக் கடற்காற்றிடமிருந்து காப்பாற்றுவது. அலமாரி, லேபிள், கலர் ஃபைல் எல்லாம் இதற்கு அப்புறம்தான்.

வெளியே போகும் தேதியை நான் கண்டுபிடிக்க வேண்டியதில்லை, சட்டமே சொல்லிவிடுகிறது. ஜிஎஸ்டி சட்டத்தின் 36-ஆவது பிரிவுப்படி, ஒரு நிதியாண்டின் ஆண்டு ரிட்டர்னுக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் கணக்கையும் பில்லையும் வைத்திருக்க வேண்டும். 2022-23-ஆம் ஆண்டுக்குக் கடைசித் தேதி 2023 டிசம்பர் 31. ஆக அந்த வருஷத்துப் பெட்டிக்கு ஆயுள் 2029 டிசம்பர் 31 வரை. நடுவில் மேல்முறையீடு, விசாரணை என்று ஏதாவது வந்துவிட்டால் அது முடிந்து ஒரு வருஷம் வரைக்கும் அந்த விவகாரத்துக்கான தாளைத் தொடக்கூடாது. இரண்டில் எது பின்னால் வருகிறதோ அதுதான் கணக்கு. டாக்டர், வக்கீல் போன்றவர்களுடைய கணக்குப் புத்தகங்களுக்கு 1961 வருமான வரிச் சட்டத்தின் விதிகள், மதிப்பீட்டு ஆண்டு (வருமானம் வந்த நிதியாண்டுக்கு அடுத்த வருஷம்) முடிந்து ஆறு வருஷம் என்று வைத்திருந்தன. நான் எல்லோருக்கும் ஒரு வருஷம் சேர்த்தே போட்டுக்கொள்கிறேன். நோட்டீஸ் என்பது எப்போதும் பெட்டியைக் காலி செய்த மறுவாரம்தான் வரும் என்பது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் இருக்கும் பயம்.

அதனால் என் பெட்டிகளில் கடைக்காரர் பெயரைவிடப் பெரிய எழுத்தில் இருப்பது தேதிதான். "2030 டிசம்பர்" என்று மார்க்கரில் எழுதி ஒட்டியிருக்கும். அதற்குக் கீழே சின்னதாகப் பெயர். என் மாமியார் ஒருநாள் அந்த வரிசையைப் பார்த்துவிட்டு, "என்னம்மா, மாத்திரைக்குப் போடுற மாதிரி எல்லாத்துக்கும் தேதி போட்டு வச்சிருக்க?" என்றார். எனக்கே தோன்றாத விளக்கம். "ஆமாம் அத்தை, காலாவதித் தேதிதான்" என்றேன்.

சரி, பெட்டிகளை எங்கே வைப்பது? இங்கேதான் கடற்கரை ஊரின் சங்கடம். இரும்பு பீரோ வாங்கினால் கடல் பக்கத்துச் சுவரோரம் அடித்தகடு முதலில் போகும். பெயிண்ட் கொப்பளித்து, உரிந்து, ஒருநாள் பெருக்கும்போது துடைப்பத்தோடு துருவாக வரும். மர அலமாரி என்றால் கரையான். சுவரை ஒட்டி மண்ணால் கோடு போட்டுக்கொண்டு ஏறிவரும். வெளியிலிருந்து பார்த்தால் பலகை பலகையாகவே இருக்கும், தட்டினால்தான் டொக்கென்று உள்ளீடற்ற சத்தம் கேட்கும். இப்போது கிடைக்கும் அழுத்திய மரத்தூள் பலகையைப் பற்றிப் பேசவே வேண்டாம், ஈரம் பட்டால் ஊறி உப்பிவிடும்.

இந்த ஊர்ப் பழைய வீடுகளில் சுவருக்குள்ளேயே குழி விட்டுக் கடப்பாக் கல் பதித்த அலமாரி இருக்கும். எங்கள் முன்னறையிலும் இருக்கிறது. முதலில் அது எனக்குப் பிடிக்கவில்லை. கறுப்பாக, அறையையே இருட்டாக்குகிறது என்று நினைத்தேன். ஆனால் கடப்பாக் கல் துருப்பிடிக்காது, கரையான் தின்னாது, எத்தனை கிலோ ஏற்றினாலும் வளையாது. அதன் ஒரே குறை பின்சுவர். மழைக்காலத்தில் சுவர் ஓதம் காக்கும். அதனால் மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டிகளை, பின்சுவரைத் தொடாமல், நாலு விரல் இடைவெளி விட்டு வைக்கிறேன். காற்று போய்வர அந்த இடைவெளி போதும். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டால் கொஞ்சம் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஆனால் ஒருமுறை போட்டுவிட்டு மறந்துவிடக் கூடாது, ஊறிப்போன பொட்டலம் இருப்பதும் இல்லாததும் ஒன்று. நீல நிறம் இளஞ்சிவப்பாக மாறும் வகை கிடைக்கிறது. நிறம் மாறினால் வேறு போட வேண்டும் என்று தெரிந்துவிடும்.

ஸ்டேப்ளருக்கு வருகிறேன். என் மேசையில் ஸ்டேப்ளர் உண்டு, ஆனால் அது இந்த மாதத்து வேலைக்கு மட்டும். பெட்டிக்குப் போகும் எந்தத் தாளிலும் பின் இருக்கக் கூடாது. ஓட்டை போட்டு, டேக் கோத்து, அட்டைக்குள் கட்டிவிட வேண்டும். தாலுக்கா ஆபீசில் பச்சை நூலில் முனையில் தகடு வைத்துக் கட்டுவார்களே, அதே டேக். தகட்டுக்குப் பதில் முனையில் பிளாஸ்டிக் வைத்தது கிடைத்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் அந்தத் தகடும் துருப்பிடிக்கும். ஜெம் கிளிப்பும் அப்படித்தான், தாளில் தன் வடிவத்தை அப்படியே பழுப்பாக வரைந்துவிட்டுப் போகும். ரப்பர் பேண்ட் வேறு ரகம். அது வெயிலில் இளகி, தாளோடு தாளாக ஒட்டி, அப்புறம் காய்ந்து முறுக்கிக்கொள்ளும். பிய்த்தால் எழுத்தும் வரும். பின் எடுக்கிற வேலை சலிப்பானதுதான். சாயங்காலம் வானொலியைப் போட்டுவிட்டு, பின் எடுக்கும் கொக்கியால் ஒவ்வொன்றாகத் தூக்கி ஒரு டப்பாவில் போடுவேன். அந்த நேரத்தில் பில்லை ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுகிறேன் என்பதால், விட்டுப்போன கொள்முதல் ஒன்றிரண்டு மாட்டிக்கொள்ளும். அதனாலேயே இந்த வேலையை நான் வேறு யாரிடமும் கொடுப்பதில்லை.

தெர்மல் பேப்பர் பில்லைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பெட்ரோல் பங்க், சூப்பர் மார்க்கெட், ஏடிஎம் எல்லாம் கொடுப்பது அந்த வழவழப்புத் தாள்தான். அதில் மை கிடையாது. தாளின் மேல்பூச்சு சூட்டில் கறுப்பாக மாறுவதைத்தான் நாம் எழுத்தாகப் படிக்கிறோம். வெயில், சூடு, சில பிளாஸ்டிக் உறைகளிலிருந்து கசியும் ரசாயனம், எல்லாம் அதை அழிக்கும். பத்திரமாக இருக்கட்டும் என்று பிளாஸ்டிக் கவருக்குள் போட்டு வைத்தவர்கள்தான் கடைசியில் வெள்ளைத் தாளைக் கொண்டுவந்து நீட்டுகிறார்கள். வந்த அன்றே ஜெராக்ஸ் அல்லது போட்டோ, அவ்வளவுதான் வழி.

பூச்சிக்கு வேப்பிலையா, வசம்பா, பாச்சை உருண்டையா என்று கேட்பார்கள். நாள் முழுக்க நாம் உட்கார்ந்திருக்கும் அறையில் பாச்சை உருண்டை வேண்டாம் என்பது என் கட்சி, மத்தியானத்துக்குள் தலைவலி வந்துவிடுகிறது. இராமபாணப் பூச்சிக்குப் பிடித்தது இருட்டும் ஈரமும் பசையும். பசை போட்டு ஒட்டிய பழைய பைண்டிங் கணக்குப் புத்தகம்தான் அதற்கு விருந்து. வசம்புத் துண்டைத் துணியில் முடிந்து போடுகிறேன், கொஞ்சம் பலன் இருக்கிற மாதிரி தெரிகிறது. ஆனால் மாதம் ஒருமுறை பெட்டியைத் திறந்து மூடுவதுதான் உண்மையில் வேலை செய்கிறது. யாரும் தொந்தரவு செய்யாத இடத்தில்தான் அது குடித்தனம் நடத்தும்.

புதுச்சேரியில் செயிண்ட் லூயிஸ் தெருவில், கடலுக்கு மிக அருகே, 1955-இல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் இருக்கிறது. அங்கே சேர்த்து வைத்திருக்கும் சைவச் சுவடிகளை 2005-இல் யுனெஸ்கோ உலக நினைவகப் பதிவேட்டில் சேர்த்தது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எனக்குப் பொறாமைதான். அதே உப்புக் காற்று, அதே ஐப்பசி மழை, ஆனால் பல தலைமுறை தாண்டிய ஓலை அங்கே இருக்கிறது. என்னால் ஆறு வருஷத்து பில்லை முழுசாக வைத்திருக்க முடியவில்லை. ஓலையைத் துடைத்து எலுமிச்சம்புல் எண்ணெய் தடவுவது சுவடி நூலகங்களில் வழக்கம். காகிதத்துக்கு அந்த வைத்தியம் ஆகாது. ஆனால் யாராவது ஒருவர் முறை வைத்து எடுத்துப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பதில் ஓலைக்கும் பில்லுக்கும் வித்தியாசமில்லை.

ஓதமும் துருவும் மெதுவாக வேலை செய்பவை. புயல் அப்படியில்லை. 2011 டிசம்பர் 30 காலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தபோது ஜன்னல் கண்ணாடி போன ஆபீஸ்கள் எத்தனையோ. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்ததைப் பார்த்தவர்கள் தாளைப் பற்றியெல்லாம் கவலைப்படவில்லை, அது வேறு. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையேறியது. புதுச்சேரியில் ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை. அது ஓய்ந்த பிறகு சாத்தனூர் அணையிலிருந்து ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் திறந்துவிட, தென்பெண்ணை கடலூர் ஓரத்து ஊர்களுக்குள் புகுந்தது. மழை விட்டு, வானம் வெளுத்த பிறகு வந்த வெள்ளம் அது. அதனால்தான் பலர் எதையும் மேலே தூக்கி வைக்கவில்லை.

ஆற்றோரத்தில் கிடங்கு வைத்திருந்த ஒருவர் அந்த வருஷத்து பில் கட்டை எனக்குக் கொண்டுவந்தார். கட்டு என்று சொல்ல முடியாது, ஒரே கட்டி. முதலில் செய்யக் கூடாதது, ஆர்வத்தில் ஒவ்வொன்றாகப் பிரிப்பது. ஈரத் தாள் பிரிந்து வராது, கிழிந்துதான் வரும். இரண்டாவது, மொட்டை மாடி வெயிலில் போடுவது. சுருண்டு, விறைத்து, மை வெளுத்துவிடும். நடுநடுவே பிரியும் இடத்தில் மட்டும் பழைய செய்தித்தாளைச் செருகி, ஃபேனுக்குக் கீழே வைத்து, செய்தித்தாள் ஊற ஊற மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டு நாளுக்குள் ஆரம்பிக்காவிட்டால் பூஞ்சை பிடித்துவிடும். முடியாது என்றால் பிளாஸ்டிக் பையில் போட்டு ஃப்ரீசரில் வைத்துவிட்டு, நேரம் கிடைக்கும்போது கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக் காயவைக்கலாம். உறைந்திருக்கும்வரை பூஞ்சை வளராது. மீனும் பில்லும் ஒரே ஃப்ரீசரிலா என்று அவர் வீட்டில் சண்டையே நடந்ததாகக் கேள்வி. விற்றவர்கள் ஒழுங்காக ரிட்டர்ன் போட்டிருந்ததால் கொள்முதல் விவரமெல்லாம் ஜிஎஸ்டி போர்ட்டலில் 2பி என்கிற பட்டியலில் இருந்தது. ஆனாலும் உள்ளீட்டு வரியை, அதாவது கொள்முதலில் கட்டிய வரியை, கழித்துக்கொள்ள பில் கையில் இருக்க வேண்டும் என்பது சட்டம். தேறாத பில்களுக்கு விற்ற கடைகளில் நகல் கேட்டு வாங்கினோம்.

அதற்கப்புறம் என் அறையில் தரையில் எதுவும் கிடையாது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்கூட மேசைக்கு அடியில் பலகையில் திருகி ஏற்றியாகிவிட்டது. கடப்பா அலமாரியின் கீழ்த்தட்டில் காலி அட்டைப்பெட்டிகளும் பழைய கீபோர்டும்தான்.

பெரிய சுத்தம் வருஷத்தில் இரண்டு தடவை. இதற்கு நானாக நாள் குறிக்கவில்லை, பண்டிகைகள் எப்போதோ குறித்து வைத்திருக்கின்றன. ஆயுத பூஜை செப்டம்பர் கடைசியிலோ அக்டோபரிலோ வரும். வடகிழக்குப் பருவமழை இறங்குவதற்கு முன்னால் கிடைக்கும் கடைசி நல்ல வெயில் அதுதான். செப்டம்பர் 30 ஆடிட் அவசரமும் முடிகிற சமயம். பெட்டிகளை எல்லாம் இறக்கி, துடைத்து, அலமாரிக்குக் காற்று காட்டி, சந்தனம் குங்குமம் வைத்து மறுபடி ஏற்றிவிடுவேன். போகி மழை முடிந்த பிறகு வருகிறது. டிசம்பரோடு ஆயுள் முடிந்த பெட்டிகள் அன்றைக்குக் கீழே இறங்கும்.

ஆனால் போகி என்பதற்காக எரிப்பதில்லை. அந்தப் புகையைத் தெருவே சுவாசிக்க வேண்டும். பழைய பேப்பர் கடைக்கு எடைக்குப் போடுவதும் இல்லை. வாழைக்காய் பஜ்ஜி வாங்கிய பொட்டலத்தைப் பிரித்தால் யாரோ ஒருவருடைய பேங்க் ஸ்டேட்மென்ட், பான் நம்பரோடு எண்ணெயில் மிதக்கிறது. எனக்கு அந்த பஜ்ஜி இறங்கவில்லை. கடைக்காரர்களிடம் கேட்டு, வேண்டுமென்பவர்களுக்குத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். மிச்சத்தைக் கிழித்து, பெரிய பக்கெட்டில் தண்ணீர் ஊற்றி இரவு முழுக்க ஊறவைத்து, காலையில் கட்டையால் கிளறினால் கூழாகிவிடும். யார் பெயரும் அதில் மிஞ்சாது. சின்ன ஷ்ரெட்டர் மெஷினும் வாங்கிப் பார்த்தேன், நாலு தாளுக்கு மேல் போட்டால் திணறுகிறது. பக்கெட் திணறுவதில்லை.

வெளியே போகும் தேதியே இல்லாத தாள்களும் உண்டு. பத்திரம், பட்டா, பிறப்புச் சான்று, பள்ளிச் சான்றிதழ். அவற்றை இந்த அறையில் வைப்பதே இல்லை. மாடியில் ஒரு சின்ன டிரங்குப் பெட்டி, உள்ளே ஒவ்வொன்றும் தனி உறையில். அதற்குள் தாத்தாவின் மளிகைக் கடைக் கணக்கு நோட்டு ஒன்றும் இருக்கிறது, எந்தச் சட்டமும் கேட்காதது. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களுக்குத் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736-இலிருந்து நாட்குறிப்பு எழுதினார். 1761 ஜனவரியில், ஊர் ஆங்கிலேயரிடம் விழுவதற்குச் சில நாள் முன்பு அவர் இறக்கும்வரை அது தொடர்ந்தது. கப்பல் வந்தது, சரக்கு விற்றது, துரை சொன்னது எல்லாம் அதில் உண்டு. ஆறு வருஷம் ஆயிற்று என்று அவர் வீட்டில் யாராவது என்னை மாதிரி பக்கெட்டில் ஊறப்போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்த அன்றுதான் தாத்தாவின் நோட்டு டிரங்குப் பெட்டிக்கு ஏறியது. ஹார்டுவேர் கடை சிமென்ட் பில்லுக்கு அந்தச் சலுகை கிடையாது.

மேசை மேல் விதி ஒன்றுதான். மாதத்தில் 7-ஆம் தேதி டிடிஎஸ் (பிடித்த வரியைக் கட்டுவது), 11 ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை விவரம்), 20 ஜிஎஸ்டிஆர்-3பி (மாத வரிக் கணக்கு). அடுத்து வரும் தேதிக்கான தாள் மட்டும் மேசையில் இருக்கும். மற்றது டிரேயில். வெயில் காலத்தில் மத்தியானம் கடற்காற்று ஜன்னல் வழியாக இறங்கும்போது, மேசையில் குறைவாக இருந்தால் குறைவாகத்தான் பறக்கும்.

வீட்டு ஆட்களிடமிருந்து மேசையைக் காப்பதுதான் கஷ்டம். இஸ்திரிக்காரர் கொடுத்த துணி, ஸ்கூட்டி சாவி, கேஸ் புக், யாருடையதோ கூரியர், எல்லாம் காலியான மேசையைத் தேடிப்பிடித்து வந்து உட்கார்ந்துகொள்ளும். சொல்லிப் பயனில்லை. வாசலுக்குப் பக்கத்தில் ஒரு மூங்கில் கூடை வைத்தேன். அதுவரை கத்தியதற்குக் கேட்காதவர்கள், கூடையைப் பார்த்ததும் தானாகப் போட ஆரம்பித்தார்கள்.

போனில் இருக்கும் குப்பைக்கு எனக்கு இன்னும் கூடை கிடைக்கவில்லை. பில்லை வாட்ஸ்அப்பில் போட்டோ எடுத்து அனுப்புகிறார்கள், அதுவும் சாய்வாக, கட்டைவிரல் மறைத்தபடி, நடுவில் காலை வணக்கத்தோடு. அன்றன்றைக்குக் கம்ப்யூட்டருக்கு மாற்றி, வருஷம் முதலில், மாதம் அடுத்து, கடைப் பெயர் கடைசியில் என்று பெயர் வைத்துவிட்டால் தானாக வரிசையில் நின்றுகொள்ளும். விழுப்புரத்தில் தங்கை வீட்டில் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் நகல் இருக்கிறது. புயல் வந்தாலும் இரண்டு ஊருக்கும் ஒரே மாதிரி வராது என்ற நம்பிக்கைதான்.

அப்புறம் மஞ்சப்பை. 2021 டிசம்பரில் அரசு மீண்டும் மஞ்சப்பை என்று திட்டம் கொண்டுவந்தது நல்ல காரியம். ஆனால் என் வாடிக்கையாளர்கள் சிலருக்கு அதுதான் ஃபைல். மூன்று மாத பில்லை அதில் திணித்து, முடிச்சுப் போட்டுக் கொண்டுவந்து மேசையில் கவிழ்ப்பார்கள். பில்லோடு கூடவே பஸ் டிக்கெட், கோயில் விபூதி, ஒருமுறை பாதி தின்ற கடலை மிட்டாய். இந்த ஏப்ரலிலிருந்து பையோடு வந்தால் பிரித்து அடுக்குவதற்குத் தனிக் கட்டணம் என்று சொல்லிவிட்டேன். முதுநகர் ஹார்டுவேர்க்காரருக்குத்தான் கோபம்.

"ஏம்மா, பைக்குமா காசு?"

"பைக்கு இல்லைங்க ஐயா, பிரிக்கிறதுக்கு."

"அதுக்கும் ஜிஎஸ்டி உண்டா?"

"உண்டுங்க ஐயா. பதினெட்டு சதவீதம்."

கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த மாதம் பில்லெல்லாம் தேதி வாரியாக அடுக்கி, ஓட்டை போட்டு, டேக் கட்டி வந்தது. மருமகள் வேலை என்று பிறகு தெரிந்தது. கொண்டுவந்தது அதே மஞ்சப்பையில்தான்.